ஒன்று தசம் பூச்சியம் மூன்று

அறை வாடகைக்குக் கேட்டுப் போன அன்று அவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "உமக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கோ?" என்பது.

வெள்ளவத்தையில் ஒரு சைவக் குடும்பத்தின் வீட்டில் அறை வேண்டுமென்றால் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தெரியும். அதற்காகவே திருநீற்றைக் கொஞ்சம் தடிப்பாகப் பூசிக்கொண்டு போயிருந்தேன்.

"ஓம்," என்றேன்.

"எவ்வளவு?"

எனக்கு விளங்கவில்லை.

"எவ்வளவு எண்டு கேட்டனான். ஒரு றாத்தலோ, ரெண்டு றாத்தலோ?"

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "இஞ்சருங்கோ, அந்தத் தம்பியை முதல்லை இருக்கச் சொல்லுங்கோ. பிறகு உங்கடை விசர்க் கதையைக் கதைக்கலாம்."

இருந்தேன். அவருடைய மனைவி தேத்தண்ணீரோடு வந்தார். கோப்பையை என்னிடம் தரும்போது, அவருக்கும் கேட்கும்படியாகவே, "ரெண்டு றாத்தல் எண்டு சொல்லும் தம்பி. அறை கிடைச்சிடும்," என்றார்.

சொன்னேன். கிடைத்தது.

அது இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம். கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குப் போகும் பாதையில், தேங்காயெண்ணெய், கறுவாத்தைலம், கொப்பரா முதலியவற்றைக் கப்பலேற்ற முன் பரிசோதித்து அத்தாட்சிப் பத்திரம் கொடுக்கும் சிறிய கொம்பனி ஒன்று இருந்தது. இப்போது அது இல்லை. நான் அங்கே அப்போதுதான் சேர்ந்திருந்த, பத்திரங்களை டைப் அடிக்கும் கிளாக்கர். அவர் பரிசோதகர். நான் அடிக்கும் ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து விழும். கந்தோரில் எல்லோரும் அவரைத் 'தராசர்' என்று சொல்வார்கள். முகத்துக்கு முன் அல்ல. நான் அண்ணை என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன்.

மெலிந்த மனிதர். வலக்கை விரல்களில் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத மண்ணிறக் கறை. எந்த நேரமும் லேசாக ஈதர் மணக்கும். காலையில் இருவரும் ஒன்றாக வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு நடப்போம். கடற்கரையை ஒட்டி ஓடும் ரயில். மாலையில் திரும்பும்போது பெட்டி முழுக்கப் பொன்னிறமாகிவிடும். ஒருமுறை கல்கிசைவரை போகும் ஒரு வயதான ஆசிரியர் யன்னலோரம் இருந்து, "என்ன அழகு, என்ன அழகு, ஆண்டவனின்ரை கொடை," என்று சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணை குடையை மடியில் வைத்துக்கொண்டு மிகுந்த மரியாதையோடு அவரிடம் விளக்கினார்: அது உப்புத்தண்ணீர்; நூற்றுக்கு மூன்றரை உப்பு; மேலே தெரியும் நிறம் தூசியினால் வருவது; தூசி இல்லாவிட்டால் ஆண்டவனுடைய கொடையும் இல்லை. ஆசிரியர் பம்பலப்பிட்டியில் எழுந்து வேறு பெட்டிக்கு மாறிவிட்டார். அண்ணைக்கு அது ஏனென்று விளங்கவில்லை. "நான் சொன்னதிலை ஏதும் பிழையோ?" என்று என்னைக் கேட்டார். பிழை இல்லைத்தான்.

இப்படிப்பட்டவருடைய தராசு அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கந்தோரின் பின்பக்கத்தில், எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு அப்பால், கருங்கல் மேடை போட்ட ஒரு சின்ன அறை. மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு. காலையில் வந்ததும் அவர் கைகளை முழங்கைவரை கழுவுவார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைப்பார். உள்ளே போய்த் தராசுக்கு முன் கதிரையில் நிமிர்ந்திருந்து, கண்ணை மூடி, ஒரு நிமிடம் அசையாமல் இருப்பார். அதற்குப் பிறகுதான் பெட்டியின் கண்ணாடியைத் திறப்பார். நிறைக் கற்களை ஒருநாளும் கையால் தொடமாட்டார். சிறிய சாவணத்தால் எடுப்பார். அந்த அறையில் ஒருவரும் சிரிக்கக்கூடாது. உரக்கக் கதைக்கக்கூடாது. வெற்றிலை போட்ட வாயோடு உள்ளே வரக்கூடாது.

எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தார். சப்பாத்துத் தரையை அதிரவைக்கும். மூச்சுக் காற்றுத் தட்டை அசைக்கும். கண்ணை மூடுவது மூச்சு நிதானப்படுவதற்காக. காரணங்கள் எல்லாம் சரியானவை. ஆனால் எங்கள் பியோன் கொட்டாஞ்சேனைக்காரன், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன், இந்தக் காரணங்களை அறியாதவன். ஒரு திருநாளன்று அறையைக் கூட்டியவன், கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு மல்லிகைச் சரத்தையும் வைத்துவிட்டான். அன்று அண்ணை போட்ட சத்தத்தைப்போல நான் பிறகு கேட்டதில்லை. மகரந்தம் தட்டில் விழுமாம். பியோன் கைகட்டி நின்று கேட்டுவிட்டு வெளியே வந்து என்னிடம், "ஐயா, அந்தப் பீடத்துக்குப் பூ ஆகாதாம்," என்றான்.

வீட்டில் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் அரிவாளில் மீனை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "என்னோடை கோயிலுக்கு வாறதெண்டால் கால் நோகும். அங்கை மட்டும் சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு நிக்கிறார்."

அக்கா அதிகம் படித்தவர் அல்ல. அண்ணையின் கொள்கைகளை அவர் ஒருநாளும் மறுத்தது கிடையாது. கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் ஒரு வசனம் சொல்வார். அந்த வசனத்துக்குப் பிறகு அண்ணை கொஞ்ச நேரம் விறாந்தையில் நடப்பார்.

நான் அங்கே குடிபோய் எட்டு மாதமிருக்கும், அக்காவின் தாயார் இறந்துவிட்டார் என்று யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்தது. ரயில் பிடித்துப் போனாலும் முகம் பார்க்க முடியாத நேரம். அக்கா குசினி வாசலில் இருந்து அழுதார். அண்ணைக்கு அழுகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்வதென்று தெரியாது. அவர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆறுதல் சொன்னார். கண்ணீர் என்பது உப்பும் தண்ணீரும். கண்ணுக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறது. நரம்பு சொன்னால் அது சுரக்கும். துக்கம் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. "அப்பிடி நினைச்சுப் பாரும். கொஞ்சம் லேசாய் இருக்கும்," என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உண்மையாகவே அது ஆறுதல் தரும் என்று நம்பினார்.

அக்கா அழுகையை நிறுத்தினார். எழுந்து உள்ளே போய் அலுமாரியிலிருந்து இன்னொரு தந்தியை எடுத்து வந்தார். முந்திய வருடம் அவருடைய தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது வந்தது. இரண்டையும் அண்ணையின் கையில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கடதாசி. ஒரே மை. ஒரே தபால் கந்தோர். நாளைக்குக் கொண்டுபோய் உங்கடை தராசிலை நிறுத்துப் பாத்து, எதிலை அழுகை கூட இருக்கெண்டு எனக்குச் சொல்லுங்கோ."

வேறு எந்தப் புருஷனும் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருப்பான். இவர் அடுத்தநாள் இரண்டு தந்திகளையும் ஒரு உறையில் போட்டுக் கந்தோருக்குக் கொண்டுவந்தார். சப்பாத்தைக் கழற்றினார். நிறுத்தார். மாலையில் வீட்டுக்கு வந்து, மிகவும் நேர்மையாக, முடிவை அறிவித்தார்: "பிள்ளை பிறந்த தந்தி ஏழு மில்லிகிராம் கூட. ஆனா அதிலை நல்லெண்ணெய் பட்டிருக்கு. அதைக் கழிச்சால் ரெண்டும் ஒண்டுதான்."

அன்றிலிருந்து ஒன்பது நாள் அக்கா அவரோடு பேசவில்லை.

சோறு வந்தது. சட்டை தோய்ந்து வந்தது. குடை வாசலில் தயாராக நின்றது. பேச்சு மட்டும் இல்லை. அண்ணை முதல் மூன்று நாள் கவனிக்காததுபோல இருந்தார். நாலாம் நாள் உப்புக் கூட என்றார், பதில் இல்லை. ஏழாம் நாள் ரயிலில் என் பக்கம் சாய்ந்து, "நீர் ஒருக்கால் அக்காவோடை கதைச்சுப் பாருமன்," என்றார்.

எனக்கு அந்த வயதில் கொஞ்சம் வாய்க்கொழுப்பு. "பேச்செண்டது காத்தின்ரை அதிர்வுதானே அண்ணை. வீட்டிலை காத்து இப்ப அமைதியாய் இருக்கு. அதுக்கு நீங்கள் ஏன் இளைச்சுப் போறியள்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் மாலை குசினி வாசலில் போய் நின்றார். நான் என் அறையிலிருந்து கேட்டேன். "பிழை," என்றார். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. "நான் நிறுத்தது சரி. ஆனா நிறுக்கப் போனது பிழை." அவருக்கு மன்னிப்புக் கேட்க அதற்குமேல் தெரியாது. அக்காவுக்கு அது போதுமாயிருந்தது போலும். "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பாடு ஆறுது," என்று குரல் வந்தது.

எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு சைவ சங்கம் இருந்தது. அதன் தலைவர் ஒரு இளைப்பாறிய தபாலதிபர். வெள்ளைக்காரனுடைய விஞ்ஞானத்தைத் தோற்கடிப்பதே தம்முடைய மிச்ச வாழ்க்கையின் வேலை என்று அவர் தீர்மானித்திருந்தார். இப்படி ஒரு நாத்திகர் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது தெரிந்ததும் அவருக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. 'சடமா, சைதன்யமா?' என்று தலைப்புப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விவாதம் ஏற்பாடாகியது. நானும் அக்காவும் போயிருந்தோம். மண்டபம் நிரம்பிவிட்டது.

தபாலதிபர் ஒரு மணித்தியாலம் பேசினார். அணுவுக்குள் சுற்றுவது எது, அதைச் சுற்றச் சொன்னது ஆர் என்று கேட்டார். மின்சாரம் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "திருநீற்றிலை ரேடியம் இருக்கெண்டு ஜேர்மனியிலை ஒரு புரொபெசரே கண்டுபிடிச்சு ஒத்துக்கொண்டிட்டார்," என்றார். சபை அதிர்ந்தது. எங்கள் பக்கத்தில் பல பேர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணை எழுந்தார். "எந்தப் புரொபெசர்? என்ன புத்தகம்? எத்தனையாம் பக்கம்?"

"பக்கம் கேக்கிறது இருக்கே," என்று தபாலதிபர் சபையைப் பார்த்துச் சொன்னார், "அதுதான் ஆணவ மலம்."

கைதட்டல் ஓய வெகுநேரம் பிடித்தது. வெள்ளைக்காரனைத் தோற்கடிக்கவும் ஒரு வெள்ளைக்காரனுடைய அத்தாட்சிப் பத்திரம் தேவைப்பட்டதை அன்று நான் உட்பட ஒருவரும் கவனிக்கவில்லை.

பிறகு அண்ணையின் முறை. அவர் பேச்சாளர் அல்ல. தாளைப் பார்த்து, பரிசோதனை முடிவை வாசிப்பதுபோல வாசித்தார். தோலில் வேர்வை வருவதுபோல மூளையில் சிந்தனை வருகிறது. நாம் நினைக்கிறோம் என்பது பொய், மூளை வேர்க்கிறது. பக்தி ஒரு வேர்வை, பயம் ஒரு வேர்வை. அவ்வளவுதான்.

காலி வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் பின்வரிசையில் இருந்தார். சங்கத்துக்குக் கதிரை இரவல் கொடுத்தவர். கதிரைகளோடு கூடவே வந்துவிட்டார். அவர் மெதுவாக எழுந்தார்.

"மாஸ்டர், கோவிச்சுக்கொள்ளப்படாது. எனக்கு ஒரு சின்னக் கேள்வி ஈக்கிது. போஸ்ட்மாஸ்டர் ஐயா பேசினது அவர்ட மூளை வேர்த்தது. நீங்க பேசினது உங்கட மூளை வேர்த்தது. சரிதானே?"

"சரி."

"அப்ப ரெண்டு பேர்ட வேர்வையில எது உண்மை எண்டு நாங்க எப்புடிக் கண்டுபிடிக்கிற? வேர்வையில உண்மை வேர்வை, பொய் வேர்வை எண்டு ஈக்கிதா?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அண்ணை தாளைப் புரட்டினார். "அது வேறை விசயம்," என்றார். தபாலதிபர் உடனே மணியை அடித்து, ஆன்மாவுக்கே வெற்றி என்று அறிவித்தார். கேள்வி கேட்ட பெரியவரை மேடைக்கு அழைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வாசற்படியில் ஏறும்போது அண்ணை, "அந்தக் கண்ணாடிக்காரர் கேட்டது நல்ல கேள்வி," என்றார்.

அடுத்த வருடம் வந்தது அந்த எண்ணெய்.

பெரிய வியாபாரி ஒருவருடைய சரக்கு. பீப்பாய்கள் துறைமுகத்தில் நின்றன, கப்பல் சனிக்கிழமை. லண்டனில் வாங்குகிறவர்கள் போட்ட நிபந்தனைப்படி எண்ணெயில் அமிலம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படக் கூடாது. அண்ணை வியாழக்கிழமை பரிசோதித்தார். ஒன்று தசம் பூச்சியம் மூன்று வந்தது. புது மாதிரி எடுத்துத் திரும்பச் செய்தார். அதே எண். பகல் சாப்பாட்டைத் தொடாமல் மூன்றாம் தரமும் நாலாம் தரமும் செய்தார். ஒருமுறை கடைசி இலக்கம் இரண்டு, ஒருமுறை நாலு. சராசரி, மூன்று.

தாளைப் பார்த்த கொம்பனித் துரை அவரைக் கூப்பிட்டார். பத்திரத்தை டைப் அடிக்க நானும் கூடப் போனேன். துரை கெட்டவர் அல்ல. நத்தாருக்கு எங்கள் எல்லோருக்கும் கேக் கொடுப்பவர். ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தசம தானம் போதும். ஒன்று தசம் பூச்சியம் என்று போடு. அது பொய் அல்ல. கணக்குப் புத்தகத்தில் உள்ள விதிதான்."

"இந்தக் கந்தோரில் எப்போதும் இரண்டு தசம தானம் போடுகிறோம், சேர்," என்றார் அண்ணை.

"நீ விஞ்ஞானம் படித்தவன். அந்த மூன்று என்பது என்ன? ஒன்றுமே இல்லை."

"ஒன்றுமே இல்லை என்றால் அதைப் போடுவதில் சேருக்கு என்ன கஷ்டம்?"

துரையின் சிரிப்பு நின்றது. நாளைக் காலை வரையில் யோசிக்கும்படியும், யோசித்துக் கையெழுத்து வைக்காவிட்டால் மாத முடிவோடு வேறு இடம் பார்க்கும்படியும் சொன்னார்.

அன்று மாலை ரயிலில் நான் அவரை விடவில்லை. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். கலியாணம் முடித்துப் பத்து வருடத்துக்குப் பிறகு. எண்ணெய்ப் பரிசோதகருக்குக் கொழும்பில் வேறு கந்தோர் எங்கே இருந்தது?

"அண்ணை, அந்த எண்ணெயை ஒருத்தரும் குடிக்கப் போறதில்லை. லண்டனிலை சவர்க்காரம் காய்ச்சப் போறாங்கள். ஆருக்கு என்ன நட்டம்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப?"

அவர் குடையை மடியில் எடுத்து வைத்தார்.

"துரையின்ரை மூளை ஒரு விதமாய் வேர்க்குது, உங்கடை மூளை இன்னொரு விதமாய் வேர்க்குது. அவ்வளவுதானே? உங்கடை வேர்வை மட்டும் எப்பிடி உசத்தி? சரி, பிழை எண்டு உலகத்திலை எங்கை அண்ணை இருக்கு? எந்தப் போத்தலுக்குள்ளை இருக்கு?"

வெற்றி பெற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் தம்முடைய கறை பிடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளவத்தை வந்து, நாங்கள் இறங்கி, ரயிலும் போன பிறகுதான் பதில் சொன்னார்.

"தெரியாது, தம்பி." அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எனக்குத் தெரியாது. ஆனா, ஏலாது."

காலையில் அவர் கையெழுத்து வைக்கவில்லை. துரை என்னைக் கூப்பிட்டார். முகாமையாளர் என்ற முறையில் தாமே கையெழுத்திடலாம், நீ டைப் அடித்துக் கொண்டுவா என்றார். நான் அடித்தேன். ஒன்று தசம் பூச்சியம். மூலமும் இரண்டு காபன் பிரதியும். அடிக்கும்போது முதலில், எல்லாம் அவன் செயல் என்று மனதில் சொல்லிக்கொண்டேன். அது போதாதென்று பட்டதும், விரல் வெறும் தசை, அதை அசைப்பது நரம்பு என்று அண்ணையின் கொள்கையையும் இரவல் வாங்கினேன். இரண்டையும் சேர்த்தபோது வேலை சுலபமாக முடிந்தது.

மாத முடிவில் பொறுப்புக் கொடுக்கும்போது அவர் பழைய பத்திரங்களின் கோவையைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. என் மேசைக்கு எதிரே இருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்தத் தாள் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். நான் டைப்ரைட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"காபன் பிரதி மங்கலாய் இருக்கு," என்றார். "காபனை மாத்தும்."

அவ்வளவுதான். பிறகும் அதைப்பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை.

செய்தி வெள்ளவத்தையில் பரவியது. அடுத்த ஞாயிறு தபாலதிபர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, ஒரு மாலையும் கொண்டு, வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"உங்களுக்கு உள்ளையிருந்து 'ஏலாது' எண்டு சொன்னது ஆர்? அதுதான் ஆன்மா! உங்களை அறியாமல் நீங்கள் ஆன்மாவை நிரூபிச்சுப்போட்டியள். வாற கூட்டத்திலை மேடையிலை வந்து அதைச் சொல்லவேணும். 'சடவாதம் தோற்றது' எண்டு நோட்டீசும் அடிக்கக் குடுத்திட்டம்."

இப்போது யோசிக்கும்போது, தபாலதிபர் தம் வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல நியாயம் அதுதான் என்று படுகிறது. அண்ணையும் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"இருக்கலாம்," என்றார். "ஆனா ஆன்மா எல்லாருக்கும் இருக்கெண்டுதானே சொல்லுறியள்? அப்ப அண்டைக்கு அந்தக் கந்தோரிலை மற்ற ஆக்களின்ரை ஆன்மா எல்லாம் லீவிலையோ?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. வேண்டுமென்றே திரும்பாமல் இருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. அக்கா திரும்பினார்.

"ஒரே ஒரு தரம் செய்த பரிசோதனை," என்று அண்ணை தொடர்ந்தார். "அதை வைச்சு நான் மேடையிலை ஒண்டும் சொல்ல ஏலாது. நோட்டீசைத் திருப்பி எடுங்கோ."

தபாலதிபர் மாலையையும் எடுத்துக்கொண்டு போனார். வாசற்படியைத் தாண்டும்போதே அவர் முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது. அக்கா விறாந்தையில் நின்று அவர்கள் ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை பார்த்துவிட்டு, அண்ணையிடம் சொன்னார்: "ஆன்மா இருக்கோ இல்லையோ, அது உங்கடை பாடு. எனக்கு உந்த மனிசன் போதும்."

அன்று அண்ணை விறாந்தையில் வெகுநேரம் நடந்தார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவி அடுக்கி வைக்கும் உதவியாளர் வேலை கிடைத்து இருவரும் போனார்கள். காலை ரயிலுக்குக் கோட்டை ஸ்டேஷன்வரை போய் வழியனுப்பினேன். என்னிடம் எதையோ எதிர்பார்த்ததுபோல அக்கா யன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் செம்பில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. அவருடைய சின்னச் சின்ன எழுத்து. 'பெண் குழந்தை. நிறை ஆறு றாத்தல் ஒன்பது அவுன்ஸ். நானே நிறுத்தேன். கை நடுங்கியபடியால் கடைசி அவுன்ஸ் நிச்சயமில்லை. அக்கா சுகம்.' அந்த அட்டைக்குப் பதில் எழுத நான் பலமுறை உட்கார்ந்தேன். எழுத வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதை எழுதுவது என்று தெரியாமல் எழும்பிவிட்டேன்.

கொம்பனியில் எனக்குப் பெரிய கிளாக்கர் பதவி கிடைத்தது. துரை என்னை நம்பத்தகுந்தவன் என்று சொன்னாராம். வெள்ளவத்தையில் ஒரு முழு வீடே வாடகைக்கு எடுத்தேன். வெள்ளிக்கிழமை விரதம், விடிய எழுந்து பூசை, நெற்றி நிறையத் திருநீறு என்று ஒழுங்காக இருந்தபடியால் சைவ சங்கத்தார் என்னைச் செயலாளராகத் தெரிவு செய்தார்கள்.

அந்த வருட ஆண்டு விழாவில் தபாலதிபர் பேசிய பொருள், 'நாத்திகத்தின் பலன்'. நாட்டில் ஒழுக்கம் குறைந்துபோனதற்கு விஞ்ஞானப் படிப்பே காரணம் என்று தொடங்கினார். ஆன்மா இல்லை என்கிறவனுக்குப் பாவம் புண்ணியம் எது, உண்மை பொய் எது, அவன் எதைத்தான் செய்ய அஞ்சுவான் என்று கேட்டார். பிறகு உதாரணத்துக்கு வந்தார். பெயர் சொல்லவில்லை. இதே வெள்ளவத்தையில், இதே மண்டபத்தில் நின்று கடவுளை நிந்தித்த ஒருவன் இருந்தான். இன்றைக்கு அவனுக்கு உத்தியோகம் இல்லை, வீடு இல்லை, எங்கேயோ போத்தல் கழுவுகிறான். "தெய்வம் நிண்டு கேக்கும்!" என்று மேசையில் குத்தினார்.

எல்லோருக்கும் ஆளைத் தெரிந்திருந்தது. மண்டபம் முழுவதும் கை தட்டியது. மேடையில், தலைவருக்குப் பக்கத்துக் கதிரையில், மாலையோடு நான் இருந்தேன். நடந்தது என்னவென்று அந்த மண்டபத்தில் முழுமையாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தபாலதிபர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது நன்றியுரை. அது செயலாளருடைய வேலை.

எழுந்தேன். அரிய கருத்துகளை எடுத்துச் சொன்ன தலைவர் அவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்தேன்.